‘போகிறேன்’ என்ற சொல்லுக்கு எதுகை

போன வாரம் உங்களில் ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். “அக்கா, ‘போகிறேன்’ என்ற சொல்லுக்கு எதுகை தேடித் தேடி மண்டை காய்கிறது. ஆகிறேன், நோகிறேன், வேகிறேன், சாகிறேன். இதைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?” கீழே அழுகிற பொம்மை வேறு.

நான் பதில் போடவில்லை. கோபமெல்லாம் இல்லை. அந்த நாலு சொல்லையும் இதே வரிசையில் எழுதி வைத்துக்கொண்டு நானும் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததும் அந்த நாள் வந்து எதிரே நின்றுவிட்டது. அதைக் கட்டைவிரலால் தட்டிச் சொல்ல முடியாது. பாட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு அம்பத்தூரில் சும்மா இருக்கிறவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? உட்கார்ந்து எழுதுகிறேன். புதிதாகப் பாட்டெழுத வந்திருக்கிற நீங்கள் எல்லாருமே படிக்கலாம்.

என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிட வேண்டாம். சீரியல் தலைப்புப் பாட்டு, மசாலாப் பொடி விளம்பரம், ஆடி மாதம் வந்தால் அம்மன் ஆல்பம், நடுநடுவே வந்த சுவடு தெரியாமல் போன சில சினிமாக்கள். என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தபடியேதான் எழுத ஆரம்பித்தேன். பிரிவுப் பாட்டில் நான் முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அங்கேதான்.

எங்கள் பிளாக்கில் ஒரு ஃபோர்மேன் ஓய்வு பெற்றார். விழாவில் வாசிக்க ஒரு பாட்டு கேட்டார்கள். ‘விடை’ என்று ஆரம்பித்தேன். நடை, தடை, குடை, கொடை, படை, மடை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மேடையில் முழங்கி முடித்ததும் அந்த மனுஷர் எழுந்து கும்பிட்டார். “ஏம்மா, எல்லாம் வந்துச்சு. வடை மட்டும் வரலியே?” என்றார். சமுதாயக் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? ஆனால் சாப்பிடும்போது பார்த்தேன். அவர் இலையில் வைத்த வடையைத் தொடாமல், எதிரே தெரிந்த தொழிற்சாலைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை என் பாட்டில் ஒரு வரியில்கூட இல்லை. எதுகை கிடைத்த சந்தோஷத்தில் போகிற ஆளை மறந்துவிடுகிற ஆபத்து நம் தொழிலில் எப்போதும் உண்டு. அன்றிலிருந்து கொஞ்சம் பயந்துதான் எழுதினேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் தினேஷ் என்று ஒரு இசையமைப்பாளர் தம்பி இருந்தான். கோயம்புத்தூர்க்காரன். வாரம் முழுக்க கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, சனி ஞாயிறு சங்கீதம். படுக்கையறைச் சுவரில் பஞ்சு அட்டை ஒட்டி, அலமாரி இருந்த இடத்தில் மைக் நிறுத்தி, அதையே ஸ்டூடியோவாக்கி வைத்திருந்தான். அவனுக்கு முதல் சினிமா கிடைத்தது. சின்னப் படம். ஒரு பெண் தன் வீட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்புகிறாள், திரும்பி வரப்போவதே இல்லை. அதற்கு ஒரு பாட்டு. இயக்குநர் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். “பல்லவி ‘போகிறேன்’னுதான் முடியணும். ‘போய் வருகிறேன்’ வேண்டாம். அவ வரமாட்டா. அதுதான் என் படம்.”

நான் அப்போது அந்த நாலு சொற்களோடு மல்லுக்கு நின்று, கடைசியில் ‘ஆகிறேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

*வாசல் கோலம் காயும் முன்னே போகிறேன்*
*வந்த ஊரில் யாரோ போல ஆகிறேன்*

மெட்டில் அழகாக உட்கார்ந்தது. இயக்குநருக்குப் பிடித்தது. எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

அன்றைக்கு டிராக் பாட வந்தவள் எஸ்தர். டிராக் என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். நாம் எழுதின பாட்டை முதலில் ஒருத்தர் மாதிரிக்குப் பாடிக் கொடுப்பார்கள். பிறகு பேர் பெற்ற பாடகி வந்து, அதைக் கேட்டுக் கேட்டுப் பாடுவார். மாதிரியை அழித்துவிடுவார்கள். அந்த அழிகிற குரல்தான் டிராக் பாடகியின் குரல். எஸ்தர் பட்டாபிராம் பெண். சர்ச்சில் பாடிப் பழகிய தொண்டை. என் பாட்டில் பாதிக்கு மேல் அவள்தான் முதலில் பாடினாள். ஊர் கேட்ட எத்தனையோ நெளிவுகள், சங்கதிகள் அவள் போட்டவை. கடையில், கல்யாணத்தில் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது என் கையைக் கிள்ளி, “அக்கா, அது என்துக்கா” என்பாள். மனக்குறையாகச் சொல்ல மாட்டாள். தன் புடவையை வேறொருத்தி கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

எனக்கு அவளைவிட வயது அதிகம். ஆனால் அவளிடம் பேசுகிற மாதிரி நான் யாரிடமும் பேசியதில்லை. பூந்தமல்லி பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வம்பளந்துகொண்டே இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவோம்.

அவள் தாளை வாங்கிப் படித்தாள். ஹெட்போனை மாட்டவில்லை.

“இத்த நான் பாட மாட்டேன்” என்றாள்.

தினேஷ் சிரித்தான். “ஏனுங்க்கா, மேல் ஸ்தாயி கஷ்டமா இருக்குதுங்களா? அரைக்கட்டை இறக்கிக்கலாமுங்க.”

“சுதியெல்லாம் சரியாத்தான் கீது தம்பி. இந்த வார்த்தய நான் பாட மாட்டேன். அக்கா, வேற எதுனா போட்டுக் குடு.”

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். அவருக்கு எஸ்தரைத் தெரியாது. “டிராக்தானேம்மா? உங்க குரல் வரப்போறதுகூட இல்லையே. இதுல என்ன சென்டிமென்ட்?” என்றார். கெட்ட மனுஷர் இல்லை. படம் தள்ளிப் போகிற எரிச்சல். பிறகு தினேஷிடம் மெதுவாக, “வானகரத்துல ஒரு பொண்ணு இருக்குன்னீங்களே, கூப்பிடுங்க” என்றார். தினேஷ் என்னைப் பார்த்தான். கையில் போன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரி நேரத்தில் ஏன் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடாதீர்கள். எல்லார் முன்னாலும் சொல்லக்கூடிய காரணமாக இருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். “ஒரு டீ குடிக்கிற நேரம் கொடுங்க, மாத்திப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு எஸ்தரை பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கீழே போரூர் சாலையில் வெயில் கொளுத்தியது. கம்பியில் யாரோ காயப்போட்ட துண்டை ஒதுக்கிவிட்டு நின்றோம்.

“இன்னாடி ஆச்சு உனக்கு?” என்றேன். அவளிடம் பேசும்போது எனக்கும் அவள் பாஷை ஒட்டிக்கொள்ளும்.

அவள் என் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். குரல்வளைக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை தட்டுப்பட்டது.

“தைராய்டு கட்டிக்கா. வர்ற வாரம் ஆபரேசன். குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுதாம். பட்டும் படாம எடுப்போம்னு டாக்டரு சொல்றாரு. பேச்சு வந்துடுமாம். பாட்டு வருமான்னு கேட்டேன். ‘முயற்சி பண்றோம்மா’ங்கறாரு.” என் கையை விடாமலே சொன்னாள். “இதான் கடைசிப் பாட்டா இருந்தாலும் இருக்கும்க்கா. ஊட்ட உட்டுக் கெளம்பறப்போகூட யாராச்சும் போறேன்னு சொல்லுவாங்களா? போய்ட்டு வரேன்னுதான சொல்லுவாங்க. என் குரல மட்டும் நான் போறேன்னு சொல்லி அனுப்பணுமா?”

பாட்டில் வைத்த சொல் பலித்துவிடும் என்று நம் தொழிலில் ஒரு பயம் உண்டு. அறம் பாடாதே என்பார்கள். நான் அதை நம்புகிறவள் இல்லை. ஆனால் அவள் கழுத்தில் என் விரல் இருந்த அந்த நிமிஷத்தில் நம்பினேன்.

“உள்ள சொல்லிடறேன்டி. தெரிஞ்சா ஒத்துப்பாங்க.”

“சொன்னே, அப்பறம் நான் உன்னாண்ட பேசவே மாட்டேன். எறக்கப்பட்டுக் குடுக்கற பாட்டு எனுக்கு வேணாம். தொண்டைல கட்டின்னா நாளைக்கு ஒருத்தனும் கூப்புட மாட்டான். நல்லபடியா வந்துட்டா இன்னா பண்றது?”

நல்லபடியா வந்துட்டா. அந்த ஆசையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அவள் கையிலிருந்து அந்தப் பாட்டு போய்விடக் கூடாது. இயக்குநர் கையிலிருந்து அவர் படமும் போகக் கூடாது. அவர் கேட்பதும் நியாயம்தான். கதையில் அந்தப் பெண் திரும்பி வரப்போவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்று அவள் முழுசாகப் பாடினால் படம் பொய்யாகிவிடும்.

தாளைத் திருப்பிப் போட்டு எழுதிப் பார்த்தேன். ‘வருகிறேன்’ என்றால் கூடவே ‘தருகிறேன்’ வந்து நிற்கும். போகிறேனும் வருகிறேனும் மெட்டில் ஒரே அளவு. எதை வைத்தாலும் இசை கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொள்ள இரண்டு மனிதர்கள்தான் இருந்தார்கள்.

அப்போது குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். அவள் புருஷனுக்கு வடக்கே மாற்றல் ஆகி, சாமானெல்லாம் லாரியில் ஏறிவிட்டது. வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். “ஆபீஸ்காரர் வந்தா குடுத்துருங்க. பின்பக்கக் குழாய் சொட்டும், இறுக்கி மூடணும்.” எத்தனையோ வருஷம் ஒன்றாகக் குழம்பு மாற்றிக்கொண்டவர்கள். அவள் குழாயைப் பற்றியே பேசினாள், நானும் குழாயைப் பற்றியே பதில் சொன்னேன். கடைசியில் “போய்…” என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டாள். மிச்சச் சொல் எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. அவள் திரும்ப வரவே இல்லை.

எஸ்தரின் முதுகையே பலகையாக்கித் தாளை வைத்து எழுதினேன்.

*வீட்டுச் சாவி உன்னிடத்தில் தருகிறேன்*
*போட்ட கோலம் காயும் முன்னே போய்…*

அதற்கப்புறம் சொல் கிடையாது. அந்த இடத்துக்கு ஹம்மிங்.

“இன்னாக்கா, பாதில நிக்குது?”

“முதல் வரியில ‘தருகிறேன்’னு கேட்டுட்டா காது தானா மிச்சத்தைச் சொல்லிக்கும்டி. நீ வாயத் திறந்து போறேன்னு சொல்ல வேண்டாம். வரேன்னு மனசுல வெச்சிகினு பாடு.”

அவள் உதடு அசைய ஒரு தடவை படித்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வியர்வையும் கண்ணீருமாக என் ரவிக்கை நனைந்தது. நானும் அழுதேன். உள்ளே எங்களுக்கு ஊற்றி வைத்த டீ ஆறிப்போயிருந்தது.

உள்ளே வந்து இயக்குநரிடம் வரியைச் சொன்னேன். ‘போகிறேன்’ எங்கே என்றார். “சார், உங்க ஹீரோயினுக்குத் திரும்பி வரமாட்டோம்னு தெரியும். ஆனா சாவிய வாங்கிக்கிறவகிட்ட ‘போய் வரேன்’னு சொல்லித்தானே பழக்கம்? ஆரம்பிக்கறா. பொய்ய முடிக்க முடியல” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வரியை ஒரு தரம் தனக்குத்தானே முணுமுணுத்தார். “வானகரத்துக்குப் போன் பண்ண வேண்டாம்” என்று தினேஷிடம் சொன்னார்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது இருந்தால் அது இதுதான். எதுகை என்பது ஜோடிச் செருப்பு. ஒன்றைக் காட்டினால் போதும், இன்னொன்று எங்கே என்று கேட்கிறவன் மனசு தேட ஆரம்பித்துவிடும். தேடவிடுங்கள். நான்கு பக்கமும் சொல்லை அடைத்து வைத்தால் கேட்கிறவன் எங்கே நிற்பான்?

எஸ்தர் பாடினாள். ‘போய்’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு மூச்சு இழுத்தாள். அதிலிருந்து ஹம்மிங் ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்று, உடைந்துவிடுமோ என்று நாங்கள் பயந்த இடத்தில் உடையாமல் இறங்கியது. மனசுக்குள் அவள் எந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கீழ் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதற்காக இன்னொரு முறை பாடச் சொல்லலாமா என்று தினேஷ் யோசித்தான். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. பேச்சும் வந்தது. ஆனால் பழைய குரல் வரவில்லை. உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி ஒரு கரகரப்பு. மேலே ஏறவே மறுத்தது. மாதக்கணக்காகப் பயிற்சி செய்தாள், வெந்நீர், அதிமதுரம், சர்ச்சில் ஜெபம், எல்லாம்தான். ஒரு நாள் விட்டுவிட்டாள்.

அதற்குள் பேர் பெற்ற பாடகி வந்து பாட்டைப் பாடிக் கொடுத்தார். நானும் போயிருந்தேன். பாட்டு முழுக்கத் தேனாக வந்தது. ஹம்மிங்கை மட்டும் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். “இதை நான் பாடினா அழகா இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பொண்ணுது அப்படியே இருக்கட்டுமே. யாரது?” என்றார். நான் பேரைச் சொன்னேன். நல்ல மனசு. ஆனால் பாட்டோடு போட்ட பெயர்களில் ஹம்மிங்குக்கு இடம் இல்லை.

படம் ஓடவில்லை. பாட்டு மட்டும் எப்படியோ தப்பித்தது. கம்பெனியில் கடைசி நாள், பெண்ணைக் கல்யாணம் செய்து அனுப்புகிற நாள், பிள்ளையை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடுகிற நாள் என்று எதற்கு வீடியோ போட்டாலும் பின்னால் அந்த ஹம்மிங்கை ஒட்டிவிடுகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் இருந்தேன். பக்கத்துப் பெண் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு இழுக்கிற இடத்தில் நானும் மூச்சு இழுத்தேன். “உங்களுக்கும் பிடிக்குமா ஆன்ட்டி?” என்றாள். பிடிக்கும் என்றேன். கையைக் கிள்ளி “என்துக்கா” என்று சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கினேன்.

எஸ்தர் இப்போது திருநின்றவூரில் ஏரிக்குப் பக்கமாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். தையல் வேலை. தோன்றுகிறபோது நான் ரயில் ஏறிப் போவேன். எல்லாம் பேசுவோம். பாட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். பேர் வராததைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டேன். “போட்டா இன்னா, போடாட்டி இன்னாக்கா. நான்தான்னு எனுக்குத் தெரியும், உனுக்குத் தெரியும்” என்றாள். அதோடு சரி. ஒரே ஒரு தடவை அந்த ஹம்மிங்கைப் பாடிக் காட்டேன்டி என்று கேட்க வேண்டும் என்று நாக்கு துடிக்கும். காலை ஒடித்துக்கொண்டவளிடம் ஓடிக் காட்டு என்று கேட்க முடியுமா? அந்தக் குரலுக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்பதை அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு அவள் வீட்டில் மீன் குழம்பு. சாயங்காலம் ஸ்டேஷன் வரை கூடவே வந்தாள். அந்தத் தங்கையின் கேள்வியை அவளிடம் காட்டினேன். ஆகிறேன், நோகிறேன், வேகிறேன், சாகிறேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “அய்ய, இன்னும் இதே நாலுதானா? உன் ஆளுங்களுக்கு வேற வேலயே இல்லியா?”

ரயில் வந்து நின்றது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “சரிடி, போய்…” என்றேன். வேண்டுமென்று செய்யவில்லை. மிச்சச் சொல் வரவில்லை.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். அந்தக் கரகரத்த குரலில், நான் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். பாதி ஏறியது. உச்சியில் குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அவள் நிறுத்தவில்லை. காற்றாகவே அந்த இடத்தைக் கடந்து, இறங்குகிற இடத்தில் குரலைப் பிடித்துக்கொண்டு, முழுசாகப் பாடி முடித்தாள். பிளாட்பாரத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“இத்தத்தான கேக்கணும்னு இத்தினி வருசமா வந்துகினு கீற?” என்றாள். “ஏறுக்கா, வண்டி கெளம்புது.”

ஏறினேன். ரயில் நகர்ந்தது. பிரிகிற இடத்தில் சொல்லை விழுங்குங்கள் என்று உங்களுக்கு இவ்வளவு நேரம் சொன்னவள் நான்தான். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, “வரேன்டி எஸ்தரு, போய்ட்டு வரேன்” என்று கத்தினேன்.